மூன்று எழுத்தும் ஒரு வாரண்டி கார்டும்: சுங்கை சிப்புட்டில் ஒரு கம்பெனியின் அகப்பக்கத்தைத் தேடிய நிகழ்வு

2024 மார்ச் மாதம் சுங்கை சிப்புட்டில் நடந்தது இது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே அரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் தோட்டப்புற ஊர். சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் குலை வெட்டிவிட்டு, இப்போது சிறுதோட்டக்காரர்களுக்குப் புல் வெட்டிக் கொடுக்கும் குத்தகை எடுத்திருக்கும் அண்ணன். இன்னொருவன், ஐந்தாம் படிவம் படிக்கும் அவருடைய தங்கை மகன். மூன்றாவது ஆள் நான். பட்டணத்தில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது பாதி வேலை. சேமநிதி, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, வருமான வரி என்று வருகிறவர்களுக்கு வேண்டிய அகப்பக்கத்தைத் தேடிக் கொடுத்துப் பாரம் நிரப்புவது மீதிப் பாதி.

அண்ணனுக்குப் புல் வெட்டும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் தேவைப்பட்டது. அதை இறக்குமதி செய்யும் நிறுவனம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒழுங்காக நடக்கிறது. அகப்பக்கமும் வைத்திருக்கிறது. அந்த அகப்பக்கத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு 11 நாள் ஆனது. நடுவில் 420 வெள்ளி (ரிங்கிட்) போனது. இரண்டு இயந்திரம் சும்மா கிடந்ததால், அண்ணனிடம் வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு அத்தனை நாளும் கூலி இல்லை.

எந்தப் படியில் தவறினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். தவறில் பாதி என்னுடையது. இதில் வரும் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை, அது தேவையும் இல்லை. இதே தவறை ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் என் கடை மேசையில் கொண்டுவந்து வைக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்டி மேல் இருந்தது

தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் இயந்திரத்தில் தண்டின் நுனியில் ஒரு கியர் பெட்டி இருக்கும். செம்பனைக்கு நடுவே வெட்டும்போது கல்லிலும் காய்ந்த மட்டையிலும் அடிபட்டு முதலில் தேய்வது அதுதான். அடுத்தது கார்புரேட்டர். அண்ணன் இரண்டையும் இத்தனை வருடமாக ஈப்போவில் ஒரு கடையில் வாங்கி வந்தார். முதலாளி வயதாகிக் கடையை மூடிவிட்டார். அண்ணன் கையில் மிஞ்சியது பழைய கார்புரேட்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்று. அதன் மேல் ஓர் ஒட்டுத்தாள். அதில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், மூன்று ரோமன் எழுத்துச் சுருக்கமாக. கீழே ஒரு தொலைபேசி எண். அழைத்துப் பார்த்தார், அந்த எண் பயன்பாட்டில் இல்லை.

"தம்பி, இந்தக் கம்பெனிக்காரன் நெட்டுல இருப்பான்தானே? பார்த்துச் சொல்லுங்க."

"இருப்பாங்க அண்ணே. கொஞ்சம் உட்காருங்க."

நான் ஊகித்தது

நான் இணையத்தைக் கற்றுக்கொண்டது 1999-இல், ஈப்போவில் ஒரு கணினி நிலையத்தில். அப்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வழி எளிமையானது: கம்பெனிப் பெயரை அடி, பின்னால் டாட் காம் போடு, வரும். உலாவிகளும் அதற்குத் துணை நின்றன. பெயரை மட்டும் அடித்துவிட்டு கன்ட்ரோல் விசையோடு என்டர் தட்டினால், முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூவையும் பின்னால் டாட் காமையும் உலாவியே சேர்த்துக்கொள்ளும். இன்றைக்கும் பல உலாவிகளில் அது வேலை செய்கிறது. அந்தக் காலத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. யாஹூவும் ஆல்டாவிஸ்டாவும் இருந்தன என்றாலும், ஒரு நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் சொந்தப் பக்கத்தை முதல் வரியில் காட்டும் என்று நம்ப முடியாது. கூகல் பிறந்ததே 1998-இல்தான். ஊகிப்பதுதான் வேகமான வழி.

கை அந்தப் பழக்கத்திலேயே நின்றுவிட்டது. மூன்று எழுத்தை அடித்து, மலேசிய முகவரிகளின் முடிவான டாட் காம் டாட் எம்ஒய் சேர்த்தேன். பக்கம் திறந்தது. அதே மூன்று எழுத்து, பெரிதாக, நீல நிறத்தில். தொடர்புப் பாரம் இருந்தது. அண்ணன் முகத்தில் சிரிப்பு. எனக்கும் மகிழ்ச்சி. என்ன மாடல், எந்தப் பாகம், எத்தனை வேண்டும் என்று எல்லாம் எழுதி அனுப்பினேன். "ரெண்டு நாள்ல பதில் வரும் அண்ணே" என்றும் சொல்லிவிட்டேன்.

பதில் இரண்டு நாளில் வரத்தான் வந்தது. மரியாதையான பதில். தாங்கள் ஜொகூரில் பொட்டலப் பை தயாரிப்பவர்கள் என்றும், புல் வெட்டும் இயந்திரத்துக்கும் தங்களுக்கும் தொடர்பு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவர்கள் பேரில் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று எழுத்து அவர்களுக்கும் சொந்தம். பக்கத்தை நிதானமாகப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். நான் பார்த்தது மேலே இருந்த மூன்று எழுத்தை மட்டும்.

அப்புறம் வேறு வழிகளில் ஊகித்தேன். வெறும் டாட் காம் போட்டபோது, முகவரி விற்பனைக்கு இருப்பதாக ஒரு பக்கம் வந்தது. அதில் என்னென்னவோ விளம்பரச் சுட்டிகள். இப்படிப்பட்ட பக்கங்களை வைத்திருப்பவர்களுக்கு, என்னைப் போல ஊகித்து வருகிறவர்கள் எதையாவது சொடுக்கினால்தான் வருமானம். வெறும் டாட் எம்ஒய் போட்டபோது எதுவும் வரவில்லை.

அன்று நான் செய்யாமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு மலேசிய நிறுவனம் சுருக்கத்தை முகவரியாக வைக்கலாம், முழுப்பெயரைச் சேர்த்து எழுதலாம், நடுவில் கோடு போடலாம், பின்னால் குரூப் என்றோ மலேசியா என்றோ சேர்க்கலாம். ஐந்து வடிவம். முடிவு டாட் காம், டாட் காம் டாட் எம்ஒய், 2008-இல் நேரடிப் பதிவுக்குத் திறந்துவிடப்பட்ட டாட் எம்ஒய் என மூன்று. ஐந்தை மூன்றால் பெருக்கினால் பதினைந்து கதவு. அந்த நிறுவனம் தன் பெயருக்கே சம்பந்தமில்லாத முகவரியை எடுத்திருக்கக்கூடும் என்பது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

மருமகன் "நேராகப் போனது"

ஜொகூர் பதில் வந்த அன்று மாலையே, வீட்டில் அண்ணனின் தங்கை மகன் தன் கைப்பேசியை எடுத்திருக்கிறான். அவன் கேட்டது கம்பெனிப் பெயர் அல்ல, இயந்திரத்தின் பிராண்டு பெயர். அதுவும் ஒரு நல்ல யோசனைதான். பக்கம் உடனே திறந்தது. பிராண்டின் சின்னம், பாகங்களின் படம், விலை, ஈப்போ விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். புலன (வாட்ஸ்அப்) எண் ஒன்று. புலனத்தில் பேசியவர் இரண்டு கியர் பெட்டி, ஒரு கார்புரேட்டர், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 420 வெள்ளி என்றார். அண்ணன் வங்கிச் செயலி வழியாக அனுப்பினார். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. "அக்கவுண்டன்ட் பேரு" என்று புலனத்தில் விளக்கமும் வந்தது.

ஆறு நாள் பொருள் வரவில்லை. ஏழாவது நாள் அந்த எண்ணில் படம் மறைந்துவிட்டது.

என்னிடம் வந்தபோது அண்ணன் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. பையனுக்கு முகமே இல்லை. நான் அவனிடம் கேட்டேன், "தேடினியா, இல்ல அட்ரஸ் அடிச்சியா?"

"தேடல அங்கிள். நேரா வெப்சைட்டுக்குத்தான் போனேன். பேரு போட்டு டாட் காம் போட்டேன்."

அவன் சொன்னது பொய் அல்ல. கைப்பேசியின் உலாவி வரலாற்றைத் திறந்து பார்த்தோம். அவன் அடித்தது இரண்டு சொல் கொண்ட பிராண்டு பெயர். இரண்டு சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தான், டாட் காமுக்கு முன்னாலும் ஓர் இடைவெளி. முகவரியில் இடைவெளி வராது. இடைவெளியைக் கண்டதும் உலாவி அதைத் தேடல் சொல்லாக எடுத்துக்கொண்டு கூகலுக்கு அனுப்பிவிட்டது. முடிவுப் பட்டியலின் உச்சியில் இருந்ததை அவன் தட்டினான். அதன் தலையில் சின்ன எழுத்தில் ஸ்பான்சர்ட் என்று இருந்திருக்கும். மறுபடி அதே சொற்களைப் போட்டுப் பார்த்தபோது அந்த விளம்பரம் காணவில்லை. ஆனால் வரலாற்றில் அவன் போன பக்கத்தின் முகவரி பதிந்திருந்தது. பிராண்டின் பெயரோடு இன்னும் இரண்டு சொல் ஒட்டி, டாட் ஷாப் என்று முடிந்தது.

இந்த நிகழ்வில் நான் கற்றதில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். என் காலத்தில் முகவரி அடிக்கும் பெட்டி வேறு, தேடும் பெட்டி வேறு. 2008-இல் குரோம் வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கியது. பிறகு மற்ற உலாவிகளும் அதே வழிக்கு வந்தன. இப்போது கைப்பேசியில் மேலே இருக்கும் ஒரே பெட்டியில் அடிக்கிறவருக்கு, தான் ஊகித்தோமா தேடினோமா என்பதே தெரிவதில்லை. ஒரு புள்ளி இருந்தால் முகவரி, ஓர் இடைவெளி இருந்தால் தேடல். பையன் முகவரியை நம்பும் நம்பிக்கையோடு விளம்பரத்துக்குள் போய் நின்றான். "தேடினால் முதலில் வருவதை நம்பாதே" என்று நாம் எத்தனை தரம் சொன்னாலும் அவன் காதில் அது ஏறியிருக்காது, ஏனென்றால் அவன் கணக்கில் அவன் தேடவே இல்லை.

அன்றே 997-க்கு அழைத்தோம். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் கைமாறிய சூட்டோடு அழைத்தால்தான் வங்கிகள் அடுத்தடுத்த கணக்குகளை மடக்கிப் பிடிக்க வழி உண்டு. எங்களுக்கு ஒரு வாரம் ஓடியிருந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைச் சரிபார்க்கும் காவல் துறையின் செமாக் மியூல் பக்கத்திலும் போட்டுப் பார்த்தோம். ஏற்கனவே அதன் மேல் புகார்கள் இருந்தன. பணம் அனுப்புவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய பக்கம். பணம் திரும்பவில்லை.

நம் நாட்டில் பெயரும் முகவரியும்

ஊகம் ஏன் இத்தனை தரம் தவறுகிறது என்று கேட்டால், உள்ளூர் உதாரணங்களே போதும். வருமான வரி வாரியத்தை ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம், மலாயில் ஒரு சுருக்கம் வைத்துச் சொல்கிறோம். அகப்பக்கமோ ஹாசில் டாட் கவ் டாட் எம்ஒய். இரண்டு சுருக்கமும் அதில் இல்லை. சொக்சோ என்று ஊரே சொல்லும், முகவரியில் பெர்கேசோ. சேமநிதியை இபிஎஃப் என்போம், முகவரியில் கேடபிள்யூஎஸ்பி. மேபேங்கின் இணைய வங்கி இருப்பது மேபேங்க்2யூவில். அந்த '2யூ'வை யாரும் தானாக ஊகிக்க மாட்டார்கள். கடைசியாக, நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம் ஓர் அரசு ஆணையம், ஆனால் அதன் அகப்பக்கம் கவ் டாட் எம்ஒய்யில் இல்லை, காம் டாட் எம்ஒய்யில் இருக்கிறது. அரசு என்றால் கவ் என்று ஊகிக்கும் நல்ல பழக்கம்கூட அங்கே தடுக்கி விழும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். 1972-இல் மலாய் எழுத்துமுறை சீரானபோது சுங்கை என்பதன் கடைசி எழுத்துகள் மாறின, தெலோக் தெலுக் ஆனது, ஸ்ரீ பல இடங்களில் செரி ஆனது. ஊர்ப் பலகைகள் மாறிவிட்டன. அதற்கு முன் பதிவான கம்பெனிகள் பல பழைய எழுத்தையே வைத்துக்கொண்டன. தெலோக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆகிவிட்டது, ஆனாலும் பழைய பெயரில் இருக்கும் சங்கமும் கடையும் அதையே தொடரலாம். நம் ஆட்களின் பெயர்களைக் கேட்கவே வேண்டாம். பிறப்புப் பத்திரம் எழுதிய கிராணியின் காதில் விழுந்தபடி லெட்சுமிக்கு நடுவில் ஒரு டி, ஒரு சி, ஒரு எச் வந்து உட்கார்ந்தன. அதே குடும்பத்தில் தம்பி மகள் லக்ஷ்மி என்று கே, எஸ், எச் போட்டு எழுதுவாள். அப்பா பெயரில் ஒரு லோரிக் கம்பெனி இருந்தால் அதன் முகவரியை எப்படி ஊகிப்பது? இணையப் பெயர் முறைக்கு உச்சரிப்புத் தெரியாது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த அந்த முறை, கேட்ட எழுத்துக்கோவை பதிவில் இருந்தால் எங்கே இருக்கிறது என்று சொல்லும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். ஓர் எழுத்து தள்ளினாலும் அது வேறு பெயர்.

அந்த 'இல்லை' என்ற பதிலின் அருமை ஒரு முறை உலகத்துக்கே தெரிந்தது. 2003 செப்டம்பர் 15 அன்று, டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம், பதிவில் இல்லாத எந்த டாட் காம் பெயரை அடித்தாலும் தன்னுடைய தேடல் பக்கத்துக்கே கொண்டுபோகும்படி மாற்றியது. சைட் ஃபைண்டர் என்று பெயர். தப்பாக அடித்தவருக்கு உதவி என்றார்கள். பெயர் இல்லை என்ற பதிலை நம்பி வேலை செய்த மின்னஞ்சல் வடிகட்டிகள் முதற்கொண்டு பலவும் குழம்பின. பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு தலையிட்டு, அக்டோபர் 4-இல் அது நின்றது. மூன்று வாரம்கூட இல்லை. என் மூன்று ஊகத்தில் பயனுள்ள பதில் தந்தது எதுவும் வராத அந்த டாட் எம்ஒய்தான் என்று இப்போது தோன்றுகிறது. அது என் நேரத்தை எடுக்கவில்லை. திறந்த கதவுதான் இரண்டு நாளை எடுத்தது.

தோட்டக் கம்பெனிகளைத் தேடி வருகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம். அப்பா வேலை செய்ததற்குக் கடிதம் வேண்டும், சேமநிதி சந்தாவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, இப்படி. தோட்டத்துக்கு நம் மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, முதலாளி நிறுவனத்தின் பெயர் மூன்றாவது. அந்த மூன்றாவதும் நிலையாக நிற்காது. கத்ரி என்று வாய் நிறையச் சொன்ன கம்பெனி 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் இணைந்தபோது அந்தப் பெயர் மறைந்தது. 2024-இல் சைம் டார்பி பிளான்டேஷன், எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டபோது மறுபடி வந்தது. பதினேழு வருட இடைவெளி. நடுவில் ஓய்வு பெற்றவர் எந்தப் பெயரை அடிப்பார்?

பிஸ்கட் டின்

பதினோராவது நாள், அண்ணி வந்தார்கள். கையில் ஒரு பிஸ்கட் டின். தோட்டத்து வீடுகளில் பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டையின் நகல், சங்கச் சந்தா ரசீது எல்லாம் இருப்பது அதில்தான். முதல் இயந்திரம் வாங்கியபோது கொடுத்த வாரண்டி கார்டை அதில் போட்டு வைத்திருந்தார்கள். "இது எதுக்காச்சும் உதவுமா தம்பி?" என்று கேட்டார்கள். கார்டின் அடியில் ரப்பர் முத்திரை. மூன்று எழுத்தின் முழு விரிவு, தனியார் நிறுவனம் என்பதைக் காட்டும் சென்டிரியான் பெர்ஹாட்டோடு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண், கடைசியில் ஒரு கோடு, ஓர் ஆங்கில எழுத்து.

அதுதான் நிறுவனப் பதிவு எண், பழைய வடிவம். 2019 அக்டோபரில் இருந்து 12 இலக்க எண் வந்துவிட்டது. முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு நிறுவன வகை, கடைசி ஆறு வரிசை எண். பழைய நிறுவனங்களுக்கும் புது எண் உண்டு, ஆனால் அவை தொடங்கிய ஆண்டே முன்னால் நிற்கும். ஒரு கம்பெனி பெயரை மாற்றலாம், கைமாறலாம், ஊர் மாறலாம். எண் மாறாது.

எஸ்எஸ்எம் தேடலில் அந்தப் பழைய எண்ணைப் போட்டேன். வேறு பெயர் வந்தது. நிறுவனம் பெயரை மாற்றியிருந்தது. பெட்டியில் இருந்த மூன்று எழுத்து இப்போது அவர்கள் பெயரிலேயே இல்லை. நான் பதினைந்து கதவையும் தட்டியிருந்தாலும் அவர்கள் ஒன்றிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

புதுப் பெயரை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினேன். விலை, மலிவு, உதிரிபாகம் என்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. விளம்பரம் ஒன்றும் வரவில்லை. முழுப் பதிவுப் பெயரை வாங்கி விளம்பரம் போடுகிறவர் குறைவு, மலிவு விலையைத் தேடுகிற சொற்களுக்குத்தான் கூட்டம். முதலில் அவர்களின் முகநூல் பக்கம், இரண்டாவதாக அகப்பக்கம். முகவரி, பிராண்டின் பெயரோடு மலேசியா என்று சேர்த்தது. கம்பெனியின் பெயர் அதில் எங்குமே இல்லை.

உடனே நம்பிவிடவில்லை. பக்கத்தின் அடிக்குப் போனேன். அங்கே கம்பெனிப் பெயர், 12 இலக்க எண், அடைப்புக்குறிக்குள் பழைய எண். வாரண்டி கார்டை மானிட்டர் பக்கத்தில் பிடித்து அண்ணியும் நானும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டோம். கடைசி ஆங்கில எழுத்துவரை ஒத்துப்போனது. அப்புறம்தான் தொலைபேசி. ஒரு சீனப் பெண்மணி எடுத்தார், இயந்திரத்தில் ஆணியடித்த தகட்டில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார், விலையைச் சொன்னார், அதே நிறுவனப் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கைக் கொடுத்தார். மூன்றாம் நாள் பாகம் வந்தது.

அந்த டாட் ஷாப் பக்கத்தின் அடியில் என்ன இருந்தது என்று பையனிடம் கேட்டேன். புலன எண்ணும் காப்புரிமைக் குறியும் மட்டும் என்றான். "பூட்டுப் படம் இருந்துச்சு அங்கிள்" என்றும் சொன்னான். அந்தப் பூட்டு, நம் கைப்பேசிக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே போகிற தகவலை மூன்றாம் ஆள் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான். அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் யார் என்பதற்கு அது சாட்சி இல்லை. அதற்கான சான்றிதழ் பல வருடமாக இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரரும் வாங்கலாம். ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

ஊகமா, தேடலா

இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் தேடல் பக்கம்தான் நிற்பேன். ஊகத்தில் ஒரே ஒரு பதில் வருகிறது, அதை ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இருக்காது. தேடலில் பத்து வரி வருகிறது. எது யாருடையது என்று பார்க்க வாய்ப்பாவது உண்டு. அமெரிக்காவில் வெள்ளை மாளிகையின் பக்கத்தை டாட் காம் என்று ஊகித்தவர்கள் 1997-க்குப் பிறகு பல வருடம் ஓர் ஆபாசத் தளத்தில் போய் விழுந்தார்கள். உண்மையான முகவரி டாட் கவ். பள்ளிப் பிள்ளைகள்தான் அதில் அதிகம் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கஷ்டப்படுகிறது.

ஆனால் தேடு என்று மட்டும் சொன்னால் பையனுக்கு நடந்ததுதான் நடக்கும். தேடலுக்குக் கொடுக்கும் சொல் காகிதத்திலிருந்து வர வேண்டும். ரசீது, வாரண்டி கார்டு, சம்பளச் சீட்டு, இயந்திரத்தின் தகடு, பெட்டியின் ஓரம். அதில் இருக்கும் முழுப் பெயர், எண், ஊர். வந்த பக்கம் அந்தக் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். இது இல்லாமல் ஊகித்தாலும் தேடினாலும் எனக்கு ஒன்றுதான்.

முகவரியைப் படிக்கும் விதத்தையும் இப்போது எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். தமிழில் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியில் என்ன இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன. ஹாசில் டாட் கவ் டாட் எம்ஒய் என்று தொடங்கி, அதோடு நிற்காமல் இன்னொரு பெயர், டாட் காம் என்று முடிந்தால் அது அந்த இன்னொரு பெயர்க்காரருடைய வீடு. வரி வாரியத்தின் பெயரை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். கவ் டாட் எம்ஒய் என்று முடிவதை அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும் என்பதால் அங்கே ஊகத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. டாட் ஷாப், டாட் ஆன்லைன் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சில நிமிடத்தில் வாங்கலாம். நல்ல வியாபாரிகளும் வாங்குகிறார்கள், அதனால் முடிவை மட்டும் பார்த்துத் தள்ளிவிடவும் கூடாது.

கடையில் இப்போது

மேசையில் ஒரு 555 புத்தகம் வைத்திருக்கிறேன். தோட்டத்துக் கடைகளில் கடன் கணக்கு எழுதிய அதே சின்னப் புத்தகம். சரிபார்த்த முகவரிகளை மட்டும் அதில் எழுதுகிறேன்: நிறுவனத்தின் பெயர், பழைய பெயர் இருந்தால் அது, பதிவு எண், அகப்பக்கம், எந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டேன், என்றைக்கு. பையன் பள்ளி விட்டு வந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து அதை எனக்கு நகலெடுத்துக் கொடுக்கிறான். வங்கி, வரி, சேமநிதி மூன்றும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. வயதானவர்களுக்கு அவற்றின் முகவரியைக் கைப்பேசியின் முகப்பிலேயே சேமித்துக் கொடுத்துவிடுகிறோம், அவர்கள் அடிக்கவும் வேண்டாம், தேடவும் வேண்டாம்.

அந்த டாட் ஷாப் முகவரியை, இணையப் பாதுகாப்புப் புகார்களை வாங்கும் சைபர்999-க்குத் தெரிவித்தோம். இப்போது அது திறக்கவில்லை. அதே படங்களோடு வேறு முகவரியில் ஒரு பக்கத்தை ஜூனில் பையன்தான் கண்டுபிடித்தான், அதையும் அனுப்பினோம். காவல் துறைப் புகாரின் நகல் அண்ணியின் பிஸ்கட் டின்னில், வாரண்டி கார்டுக்கு மேலே இருக்கிறது. அண்ணனின் இரண்டு இயந்திரமும் ஓடுகின்றன. போன வாரம் மூன்றாவதின் ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தபோது, பெட்டியையும் தகட்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு நேராகப் பையனிடம் போயிருக்கிறார். அவன் பதினாறாம் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறான். நான் கடையில் இல்லை.